அரைமணி

இரவு டேட்டா பன்னிரண்டுக்குத் திறக்கும், எட்டுக்குச் சாத்தும்.
அதற்குள் பொதியைக் கட்டவேண்டும்
சோதிக்கவேண்டும்
ஏற்றிவிடவேண்டும்.
கட்ட இருபது நிமிடம்.
சோதனைகள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று;
என் பழைய மடிக்கணினியில் மூன்றே முக்கால் மணிநேரம்,
கறண்ட் நின்றால்.

ஆரையம்பதியில் நேற்று இரண்டு தரம் போனது.

ஒரு கமா மாறினாலும் முழுவதையும் ஓட்டு என்கிறவர்களுக்கு
வேகமான மெசின் இருக்கிறது,
வேறு வேலை இல்லை.
தொட்டதை மட்டும் ஓட்டு என்கிறவர்களுக்கு
எதைத் தொட்டோம் என்பது எப்போதும் தெரிகிறது.
எனக்குத் தெரிவதில்லை.
ஒருமுறை ஓர் உறுப்பின் பெயரை மாற்றினேன்,
சம்பளத் தாளில் பெப்ரவரி காணாமல் போனது.

நிறுவுகிறவரின் கணினியிலேயே ஓடட்டும் என்று ஓர் ஆள் எழுதியிருந்தார்.
இலை போட்டு, சோறும் வைத்தபிறகு
விருந்தாளியைக் கூப்பிட்டு
உப்புப் பார்க்கச் சொல்வதுபோல.

காத்தான்குடியிலிருந்து றிஸ்மியா, இரவு ஒன்றரைக்கு:
"எல்லாத்தையும் எல்லா நேரமும் ஓட்டினா
மறுகா ஒருத்தரும் சிவப்பைப் பார்க்கமாட்டாங்க கா."
அவளுக்குப் பிள்ளை நித்திரையானபின்தான் கணினி.
சரியாகத்தான் சொல்கிறாள்.
பஸ்ஸால் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்ட காலத்தில்
பையைத் திறந்தவன் பைக்குள் பார்த்ததே இல்லை.
அதற்கும் சோதனை என்றுதான் பெயர்.

ஒரு முடிவுக்கு வந்தோம், பாதி மனதோடு:
குறுகியவை ஒவ்வொரு தரமும்,
நீண்டவை சனி இரவு,
இணையம் கேட்பவை கேட்காமலே நிறுத்தம்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஒரு சிவப்பு.

எண் 1874.
ஜெர்மனியில் பச்சை. பொதி கட்டும் பெரிய மெசினிலும் பச்சை;
அது உலக நேரத்தில் வாழ்கிறது, ஊரில்லாதது.
இங்கே மட்டும் சிவப்பு.
1998 மார்ச் ஒன்பது, திங்கள், காலை எட்டு மணி.
அதை உலக நேரமாக்கு, திரும்ப ஊர் நேரமாக்கு.
எட்டு வரவேண்டும்.
ஏழரை வருகிறது.

ஏழரை வந்தால் நல்லதில்லை என்று எவருக்கும் தெரியும்.

போகும்போது அந்நாளைய கணக்கு: உலகத்துக்கு ஆறு மணி முன்னால்.
வரும்போது இன்றைய கணக்கு: ஐந்தரை.
எழுதியவர் எங்கோ பிறந்தவர்,
ஒரு நாடு தன் கடிகாரத்தைத் தள்ளி வைத்து
பத்து வருடம் கழித்து இழுத்து வைக்கும் என்று
அவர் ஏன் நினைக்கவேண்டும்.

அம்மா கொக்கட்டிச்சோலையில் கணக்குப் படிப்பித்தவள்.
மண்முனைத் துறையில் எட்டுக்கு ஏறினால்
அக்கரையில் ஏழரை என்பார்கள்,
படுவான்கரை பழைய நேரத்தை விடவில்லை.
மணிக்கூட்டை அவள் திருப்பியதில்லை.
கழித்துக்கொள்வாள்.
பின்னேரம் கூட்டிக்கொள்வாள்.

பிழையான விடைதான், 1874.
ஆனால் அந்த ஏழரை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.
நேர அட்டவணையில் கொழும்புக்கு வரி உண்டு,
அக்கரைக்கு இல்லை,
எங்கோ கீழே குறிப்பாக ஒரு வசனம்.

தவிர்க்க ஒரு சொல் போதும்.
அடித்தும் வைத்தேன்.
பத்து நிமிடத்தில் பொதி போயிருக்கும்,
யாரும் கேட்கமாட்டார்கள், 1998ஐ யார் கேட்கிறார்.
றிஸ்மியா கேட்டாள்.
அந்த வருடச் சம்பளம் இன்னும் தீராத ஆட்கள்
அவளுடைய கந்தோரிலேயே இருக்கிறார்களாம்.

அழித்தேன்.
மூன்று வரி திருத்தினேன்: அன்றைய நாளுக்கு அன்றைய கணக்கு.
இனி இந்த ஒன்று ஒவ்வொரு தரமும் ஓடும்,
கட்டும் மெசினிலும், கொழும்பு நேரம் போட்டு.
காரணம் எழுதும் இடத்தில்
"இங்கே பிழைத்தது" என்று மட்டும் எழுதினேன்.
படகைப் பற்றி எழுத இடமில்லை.

மறுபடி முதலிலிருந்து.
மூன்று நாற்பதுக்குத் தொடங்கினால் ஏழு இருபத்தைந்து.
விசிறி இரைகிறது.
எட்டுக்குள் முடியும்,
கறண்ட் நின்றால்.